நூற்றைம்பதாவது மரம்

பொன்னுலிங்கம் பெருவிரலை மரத்தின் வெட்டில் வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு வந்தார். பாதியில் விரல் நின்றது. அந்த இடத்தில் பட்டை இல்லை. உள்ளே வெள்ளையாக மரத்தின் கட்டை, தடி, தெரிந்தது.

“யக்கா, இஞ்ச வந்து பாருங்க.”

நேசபாய் பால் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கத்தி தடியில் இடித்த சத்தத்தை அவள் விடியற்காலையிலேயே கேட்டிருந்தாள்.

“இந்த வாரத்துல இது ஏழாவது.”

“ஆறு.”

“அந்தச் சரிவுல ஒண்ணு நிக்கி. நீங்க பாக்கேல.”

அவள் சரிவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும், நகத்தின் கனத்துக்கு. அதற்கு உள்ளே, தடியை ஒட்டி, ஈரமாக ஒரு தோல் உண்டு. கத்தி அதைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. இருபத்தேழு வருடமாகக் கீரிப்பாறை மலையில் பால் வெட்டுகிறவளுக்கு இதைச் சூப்பர்வைசர் சொல்லித் தர வேண்டியதில்லை. பொன்னுலிங்கம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெட்டு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே நேசபாயின் பிளாக்குக்குத்தான்.

“பால் கொறஞ்சா நாளைக்கு எடுத்துக்கிடலாம். பட்டை போனா போனதுதான்” என்றார் அவர். “கண்ணு தெரியலியா யக்கா? நேராட்டுச் சொல்லுங்க.”

“வலத்த கண்ணு எண்ணெய் தேச்ச கண்ணாடி மாதிரி இருக்கு. ஹெட்லைட்டைப் போட்டா வெளிச்சம் செதறுது.”

“பிப்ரவரில இலை உதுந்து வெட்டு நிக்கும். மார்ச்சுல புது லிஸ்ட் போடணும். அதுக்குள்ள கண்ணைச் சரியாக்குங்க. இல்லேன்னா உங்களைக் காடு வெட்டத்தான் எழுதணும். நான் எழுதேலன்னாலும் மேல உள்ளவங்க எழுதச் சொல்லுவாவ.”

காடு வெட்டுவது என்றால் மரங்களுக்கு இடையே முளைத்த புதரை நாள் முழுக்கக் குனிந்து வெட்டுவது. ஐம்பத்திரண்டு வயது இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். தான் வெட்டிய மரத்தை இன்னொருத்தி வெட்டுவதைப் பக்கத்தில் குனிந்து நின்று பார்க்க வேண்டும். அதை நினைத்ததும் அவளுக்கு வாய் கசந்தது.

அந்த வியாழக்கிழமையே லீவு போட்டு நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, இடது கண்ணில் ஆரம்பம் என்றார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சுகர் இவ்வளவு வச்சுக்கிட்டுக் கண்ணுல கத்தி வைக்க முடியாதும்மா. புண் ஆறாது, சீழ் வச்சா கண்ணே போயிரும். மூணு மாசச் சுகர் பதினொண்ணு புள்ளி நாலு. அதை ஒம்பதுக்குக் கீழ கொண்டு வாங்க. அப்புறம் செய்யலாம்.”

“எப்பம் வரணும்?”

“குறைஞ்ச பிறகு வாங்க.”

வெளியே சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து பத்தாம் நாள் தக்கலையில் கண் சிகிச்சை முகாம். நேசபாய் இடது கண்ணால் அதை வாசித்தாள். சுகரை இறக்கப் பத்து நாள் போதும் என்று நினைத்தாள். பத்து நாளில் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நடத்தி முடித்தவள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து தொடங்கினாள். சீனி டப்பாவையும் கருப்பட்டியையும் மேல் தட்டில் ஏற்றினாள். அரிசிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்திருந்தது. அவள் கணவர் யோவான் கிண்ணத்தை நீட்டினார்.

“நீரு தின்னும். எனக்கு வேண்டாம்.”

“சாளை மீனாக்கும்.”

“மீனை வையும். கெழங்கு வேண்டாம். சோறும் வேண்டாம். பத்து நாளைக்கு எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

யோவான் தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பது வருடம் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தி ஓய்வு பெற்றவர். எதையும் புகையில் போட்ட மாதிரி மெதுவாகத்தான் யோசிப்பார். கிழங்கை மீன் சாற்றில் பிசைந்துகொண்டே கேட்டார். “ஏட்டி, இருபது வருசமா தின்னு ஏத்துனதைப் பத்து நாள்ல எறக்கப் போறியா?”

“எறக்கிக் காட்டுகேன்.”

“மாத்திரையாவது ஒழுங்காத் திம்பியா?”

அவள் அலமாரியைப் பார்த்தாள். மாத்திரை விஷயம் அவருக்கும் தெரியும். அலமாரியில் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது. அதில் முக்கால்வாசி வெள்ளை மாத்திரை. மாதா மாதம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து தரும் மாத்திரையில் அவள் தின்றது ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மட்டும்தான். வேலை நாளில் அதைத் தின்றால் வெட்டும்போது கை நடுங்கும். கை நடுங்கினால் மரத்தில் காயம் படும். அதனால் வேலையில்லாத நாளுக்கு மருந்து, வேலை நாளுக்குக் கத்தி என்று அவளே பிரித்து வைத்திருந்தாள். கேட்டவர்களிடம் தினமும் தின்கிறேன் என்றுதான் சொல்வாள்.

இப்போது கண்ணுக்காக அதையும் மாற்றினாள். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு, பாலும் சீனியும் இல்லாத கட்டன் சாயாவோடு காலைக்கு உள்ள இரண்டு மாத்திரையையும் விழுங்கினாள். அட்டையில் சாப்பாட்டுக்கு முன் என்றுதான் எழுதியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்தானே இது.

முதல் நாள் தலை கிறங்கியது. இரண்டாம் நாள் பாகற்காய் சாறும் சேர்த்தாள். மூன்றாம் நாள் கை நடுங்கியபோது கத்தியை இரண்டு கையாலும் பிடித்து வெட்டினாள். பக்கத்துப் பிளாக்கில் வெட்டும் நாகம்மை பால் கொண்டுபோகும் வழியில் அவளை நிறுத்தி முகத்தைப் பார்த்தாள்.

“ஏட்டி நேசம், என்னட்டி இது? பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி வெளுத்துப்போய் நிக்கிய?”

“சுகரை எறக்குகேன்.”

“சுகரை எறக்குதியா, உன்னையே குழிக்குள்ள எறக்குதியா?”

“உனக்கு வந்தா தெரியும். போட்டி.”

நாகம்மை நெற்றியில் நீளமாக நாமம் போட்டிருப்பாள். முட்டப்பதிக்குச் சாமி கும்பிடப் போய்வந்த கதையை ஆயிரம் தடவை சொல்வாள். இருபது வருடமாக இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பிளாக். சண்டை போடாத வாரம் கிடையாது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. அந்தச் சரிவில் ஆனை வரும், பன்னி வரும். அதனால் வெட்டும்போது அரை மணிக்கு ஒரு தடவை ஒருத்தி கூ என்று விளிப்பாள். மற்றவள் பதிலுக்குக் கூ என்பாள். பதில் வந்தால் வேலை நடக்கும். வராவிட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஆறாம் நாள் பதில் வரவில்லை.

நாகம்மை கூப்பிட்டது நேசபாய்க்குக் கேட்டது. அவள் அப்போது சரிவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைக்குளிரில் முதுகெல்லாம் வியர்வை ஊற்றியது. மரம் இரண்டாகத் தெரிந்தது. இந்த ஒன்றை வெட்டிவிட்டு உட்காரலாம் என்று கத்தியை வைத்தாள். கத்தி வழுக்கி உள்ளே இறங்கியது. ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை பிய்ந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு வேறு யாருடையதோ மாதிரி கிடந்தது. சத்தம் வரவில்லை.

நாகம்மை வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கண் திறந்துதான் இருந்தது. நாகம்மை தன் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தாள். அவளுடைய கட்டன் பாகு மாதிரி இருக்கும். நாலு கரண்டி சீனி போடுவாள்.

“குடி.”

நேசபாய் தலையை ஆட்டினாள். வேண்டாம். இன்னும் நாலு நாள்தான்.

“ஏட்டி, குடிக்கியா, இல்ல செவிட்டுல ஒண்ணு வைக்கணுமா?”

குடித்தாள். பாதி கழுத்தில் ஓடியது. பாதி உள்ளே போனது.

பொன்னுலிங்கம் ஜீப்பைக் கொண்டுவந்து அவளை மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் இறக்கினார். அந்தக் கட்டனுக்குப் பிறகும் சுகர் எழுபதைத் தொடவில்லை. நரம்பில் ஊசி ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். எழுந்ததும் எழாததுமாகச் செருப்பைத் தேடினாள்.

“எங்க போறீங்க?” என்றாள் நர்ஸ் ஜாஸ்பின். முப்பது வயதிருக்கும். சுகர், பிரஷர் நோயாளிகளின் பதிவெல்லாம் அவள் பொறுப்பு.

“பால் எடுக்கணும் சிஸ்டரே. பாதி மரம் வெட்டிப் போட்டிருக்கேன். மரத்துல கெட்டுன சிரட்டையில பால் கெடக்கு.”

“நாகம்மையக்கா எடுத்துக்கிடுவாங்க. நீங்க உக்காருங்க. காலையில மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன். சாப்பாட்டுக்கு முன்ன.”

“எத்தனை மணிக்கு?”

“நாலரைக்கு.”

“சாப்பாடு?”

“பால் வெட்டி, எடுத்து, எடை போட்டுட்டு வந்துதான். பத்தரை ஆவும்.”

ஜாஸ்பின் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள்.

“அம்மா, சாப்பாட்டுக்கு முன்னன்னா ஆறு மணி நேரம் முன்னயா?”

“அதுல எத்தனை மணி நேரம்னு எழுதேல. காலைன்னு எழுதியிருந்தது. எனக்குக் காலை நாலரை.”

ஜாஸ்பின் பதிவேட்டில் அவள் பெயர் இருந்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள், “உங்ககிட்ட இதை யாரும் கேக்கேல இல்லியா? நானும் கேக்கேல.”

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நேசபாய் ஊறுகாய் பாட்டிலைப் பற்றிச் சொன்னாள். ஞாயிறு மாத்திரை, வேலை நாள் கத்தி, பத்து நாள் பட்டினி, தக்கலை முகாம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள்.

திட்டு விழவில்லை. ஜாஸ்பின் கேட்டாள். “தக்கலை முகாம்லயும் மூணு மாசச் சுகர்தானே பாப்பாங்க? பத்து நாள் பட்டினி கெடந்தா அது அசையாது. மூணு மாசமா ரத்தத்துல ஒட்டுனது அது. மூணு மாசம் ஒழுங்கா இருந்தாத்தான் எறங்கும்.”

நேசபாய் அதை மனதில் போட்டுப் பார்த்தாள். இன்றைக்குப் பால் கூட வேண்டும் என்று ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஒரு வாரம் கூடும். அப்புறம் மரம் காய்ந்து நிற்கும். அப்படி வெட்டிய ஆட்களை அவள் எத்தனை தடவை வாய் கிழியத் திட்டியிருக்கிறாள். ஆறு நாளாகத் தானும் அதைத்தான் செய்திருக்கிறோம் என்று புரிந்ததும் வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

“மூணு மாசம்னா ஜனவரி கடைசி” என்றாள். “பிப்ரவரில வெட்டு நிக்கும். சரி, என்ன செய்யணும்? சொல்லு மக்கா.”

ஜாஸ்பின் அச்சடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். அதில் பன்னிரண்டு வரி இருந்தது. ஒவ்வொன்றாக வாசித்தாள்.

“தினமும் அரை மணி நேரம் நடக்கணும்.”

“நடையா? முந்நூறு மரம் வெட்டுகேன். ஏறி எறங்கி வெட்டிட்டு, திரும்ப ஏறி எறங்கிப் பால் எடுக்கேன். பின்ன அந்தப் பாலையும் தலையில சொமக்கேன். இனி எங்க நடக்க?”

ஜாஸ்பின் அந்த வரியை அடித்தாள்.

“ராத்திரி சப்பாத்தி.”

“சப்பாத்தி போட்டா எனக்க மாப்பிள்ளை பாயைச் சுருட்டிட்டு அவருக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவாரு.”

“அவருக்குச் சோறு வைங்க. உங்களுக்குச் சப்பாத்தி.”

“வேலைக்குப் போயிட்டு வந்து ரெண்டு அடுப்பு எரிக்கணுமா? முடியாது.”

அதுவும் அடிபட்டது. ஓட்ஸ் அடிபட்டது. சாலட் என்றபோது நேசபாய் அது என்ன என்று கேட்டாள். விளக்கம் சொன்னதும், பச்சையாகத் தின்ன நான் ஆடா என்றாள். படுக்கையில் கிடந்த இன்னொரு நோயாளி சிரித்துவிட்டாள்.

“சோறு எவ்வளவு திம்பீங்க?”

“மூணு அகப்பை.”

“ஒண்ணரை ஆக்குங்க.”

“ஒண்ணரை அகப்பை தின்னுட்டு மலை ஏற முடியாது. ரெண்டரை.”

“ரெண்டு. கூட மீனும் பயறும் கீரையும் கூட்டிக்கிடுங்க.”

“ரெண்டேகாலு.”

“அம்மா, இது மீன் சந்தையில்ல.”

“சரி, ரெண்டு. ஆனா அகப்பை என் வீட்டு அகப்பை.”

ஜாஸ்பின் சிரித்தபடி காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். “இங்க வாற எல்லாரும் பன்னிரண்டுக்கும் தலையை ஆட்டிட்டுப் போவாங்க. அடுத்த மாசம் வந்தா ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க. முடியாதுன்னு முகத்துக்கு நேரே சொன்னது நீங்கதான்.”

“முடியாததை முடியும்னு சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போவுது?”

பிறகு முக்கியமான கேள்வி வந்தது. மாத்திரையை எப்போது தின்பது? டாக்டரும் வந்து உட்கார்ந்தார். சுகரைச் சடாரென்று இறக்கும் மாத்திரையைப் பாதியாக்கினார். சாப்பாடு தயாராகக் கையில் இருக்கும்போது மட்டும்தான் தின்ன வேண்டும் என்றார். காலை நாலரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டார்.

“அந்த நேரத்துக்கு வயித்துக்குள்ள ஒண்ணும் எறங்காது டாக்டரே. தோட்டத்துல ஒருத்தரும் திங்கமாட்டாவ.”

“வெட்டுக்கு நடுவில?”

நேசபாய் யோசித்தாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் வெட்டு தொடங்கினால் கடைசி மரம் வரை நிற்கிறது கிடையாது. நடுவில் உட்கார்ந்து தின்கிற பழக்கம் அந்த மலையில் யாருக்கும் இல்லை. அப்படி உட்கார்ந்தவளைச் சோம்பேறி என்பார்கள். அவளே சொல்லியிருக்கிறாள்.

“நூத்தம்பதாவது மரத்துக்கிட்ட ஒரு பாறை கெடக்கு” என்றாள் கடைசியில். “அங்க வரும்போ ஆறே முக்கால் ஆவும். அங்க இருந்து தின்னலாம். இருவது நிமிசம்.”

காகிதத்தில் ஐந்து வரி வந்தது. நூற்றைம்பதாவது மரத்தில் சாப்பாடு, கூடவே மாத்திரை. சோறு இரண்டு அகப்பை. மரச்சீனி ஞாயிறு மட்டும், ஒரு கை அளவு, மீனோடு. கட்டனுக்கு ஒரு கரண்டி சீனி, கருப்பட்டியும் சீனிதான். மடியில் எப்போதும் நாலு மிட்டாய், கை நடுங்கினால் உடனே வாயில் போட. வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலேயே சின்ன மெஷினில் சுகர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் வாயால் சொன்னார். கொஞ்சம் தள்ளி ஜாஸ்பின் ‘9’ என்று எழுதி வட்டம் போட்டாள்.

“ஏழு வேண்டாமா? எல்லாரும் ஏழுன்னுதான் சொல்லுவாவ.”

“ஏழு பொறவு. இப்பம் ஒம்பது.”

பொன்னுலிங்கத்திடம் அவளே போய்ச் சொன்னாள். அனுமதி கேட்கிற குரலில் சொல்லவில்லை. ஆறே முக்காலுக்கு இருபது நிமிடம் உட்காருவேன் என்றாள். அவர் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே, “கடைசி மரங்கள்ல பால் கொறையுமே யக்கா” என்றார்.

“பால் கொறஞ்சா நாளைக்கு எடுத்துக்கிடலாம். பட்டை போனா போனதுதான்.”

அது தான் சொன்னதுதான் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. மீசையைத் தடவிக்கொண்டார். “டாக்டர்கிட்ட இருந்து ஒரு துண்டுக் காயிதம் வாங்கித் தாங்க. மேல கேட்டா காட்ட வேண்டியிருக்கும்.”

உட்காருவது என்று வந்த பிறகு அவள் வெட்டின் வரிசையையும் மாற்றினாள். வழக்கமாக இருட்டில் சரிவிலிருந்து தொடங்கி மேட்டில் முடிப்பாள். சரிவில்தான் காயம் கூடுதலாகப் பட்டது. இனி மேட்டில் தொடங்குவது, அங்கே வானம் திறந்து கிடக்கிறது, சீக்கிரம் வெளுக்கும். பாறையில் சாப்பிட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் சரிவுக்கு இறங்குவது. அப்படி வெட்டிய முதல் வாரம் மூன்று காயம். அடுத்த வாரம் இரண்டு. கண் அதே கண்தான். வெளிச்சமும் நடுங்காத கையும் கூடியிருந்தன.

பாறையில் அவள் தூக்குப்பாத்திரத்தைத் திறக்கும் நேரம் பார்த்து நாகம்மை அந்தப் பக்கத்திலிருந்து கூ என்பாள். பிறகு சத்தம் போட்டுக் கேட்பாள், “மகாராணி பந்திக்கு உக்காந்தாச்சா?”

“உக்காந்தாச்சு.”

“என்ன கூட்டான்?”

“சிறுபயறு. ரெண்டு முட்டை. பழஞ்சிச் சோறு ஒரு கை.”

“எனக்கு?”

“உனக்கு நேத்தைக்க எச்சில் பாத்திரம். வந்து கழுவு.”

மழை வந்தபோதுதான் கஷ்டம். நவம்பரில் ஒன்பது நாள் வெட்டு இல்லை. வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. யோவான் அடுப்பில் கிழங்கை வைப்பார், அந்த மணம் வீடு முழுக்க ஏறும். வேலை இல்லாத நாளில் நூற்றைம்பதாவது மரமும் இல்லை. முதல் இரண்டு நாள் எட்டரைக்கு எழுந்து, பத்து மணிக்கு மாத்திரை தின்று, எல்லாம் தாறுமாறானது. மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்கு எழுந்து வாசல்படியில் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். மழை சாய்ந்து அடித்துக் கால் நனைந்தது.

“ஏட்டி, உள்ள வந்து தின்னப்புடாதா?” என்றார் யோவான்.

“இதுதான் இன்னைக்கு எனக்குப் பாறை. நீரு சும்மா இரும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய பயறில் ஒரு கை எடுத்துத் தின்றார். உப்பு பத்தாது என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுடும் வேலை வருடா வருடம் அவளுடையது. குடியிருப்பில் எட்டு வீட்டுக்கும் அவள் கையால்தான் போக வேண்டும். பயறும் சர்க்கரைப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, எண்ணெயில் போட்டு எடுக்கும்போது வாயில் போட்டுப் பதம் பார்க்காமல் எப்படி? பதம் பார்க்க ஒன்று. சரிதானா என்று உறுதி செய்ய ஒன்று. நாகம்மை தட்டோடு வந்தபோது அவளோடு பேசிக்கொண்டு ஒன்று. ராத்திரி எண்ணிப் பார்த்தால் ஐந்து. மறுநாள் காலையில் விரலைக் குத்திப் பார்த்தாள். வெறும் வயிற்றில் இருநூற்று இருபது.

அவள் அந்தச் சின்ன மெஷினைக் கட்டிலில் எறிந்தாள். எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு, காடு வெட்டவே போகலாம் என்றாள். யோவான் மெஷினை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

“போன வாரம் எத்தனை காயம்?”

“ஒண்ணு.”

“அந்த ஒரு காயத்துக்காவ அந்த மரத்தை முறிச்சா போட்ட?”

“இல்ல.”

“பின்ன?”

அவள் சுகர் எண்களைக் குறித்து வந்த சபை நாள்காட்டியை எடுத்து, டிசம்பர் இருபத்தைந்தின் சதுரத்தில் 220 என்று எழுதினாள். மற்ற நாளில் எழுதிய மாதிரியே, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். முன்பு மறைப்பதற்கு ஊறுகாய் பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டிலை அவள் நவம்பரிலேயே கழுவி எலுமிச்சை போட்டுவிட்டாள்.

ஜனவரி கடைசி வாரத்தில் ரத்தம் கொடுத்தாள். மரங்கள் அப்போது செம்மஞ்சளாக மாறி இலையைக் கொட்டத் தொடங்கியிருந்தன. ஜாஸ்பின் காகிதத்தை நீட்டுவதற்கு முன்பே அவள் முகத்தைப் பார்த்து நேசபாய்க்குப் புரிந்துவிட்டது.

“ஒம்பது புள்ளி ரெண்டு.”

ஒன்பதுக்குக் கீழே இல்லை. நேசபாய் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். முந்திரிக்கொத்து என்று நினைத்தாள். பிறகு மழை நாள்கள் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை நிறுத்தினாள்.

“ரெண்டு புள்ளிக்கு மேல எறங்கியிருக்கு அம்மா. சாதாரணமில்ல. நான் லெட்டர் எழுதித் தாறேன்.”

“எழுது. நாளைக்கே போறேன்.”

கண் டாக்டரிடம் லெட்டரைக் கொடுத்துவிட்டு நாள்காட்டியையும் மேஜையில் விரித்தாள். மூன்று மாத எண்கள் கோணல்மாணலாக அதில் நின்றன. டாக்டர் டிசம்பர் பக்கத்தில் விரலை வைத்தார்.

“இது என்ன, இருநூத்தி இருபது?”

“முந்திரிக்கொத்து.”

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். கடைசி மூன்று வாரத்தின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நூற்று முப்பதுக்கும் நூற்று ஐம்பதுக்கும் நடுவில்.

“ஒம்பதுக்குக் கீழன்னு சொன்னேன்.”

“புள்ளி ரெண்டு கூடுதல். தெரியும். நான் இனியும் எறக்குவேன். ஆனா மார்ச்சுல வெட்டு தொடங்கும். அதுக்குள்ள ஒரு கண்ணாவது வேணும். ஒண்ணு போதும்.”

“பழைய கதை உள்ள இருந்தாலும், இந்த மூணு வாரம் நல்லாருக்கு. இன்னும் மூணு வாரம் இப்படியே இருக்கட்டும். பிப்ரவரி இருபதாம் தேதி வலது கண்ணைச் செய்யலாம். அன்னைக்குக் காலையில சுகர் ஏறியிருந்தா திருப்பி அனுப்பிருவேன்.”

பிப்ரவரி இருபதில் செய்தால் ஒரு மாதம் ஓய்வு. மார்ச் கடைசியில் துளிர் முற்றி வெட்டு தொடங்கும். நாள் இடிக்கிறது, ஆனாலும் நடக்கும்.

வெளியே சீட்டு எழுதும் நர்ஸ், “அன்னைக்குக் காலையில சாப்பிட்டு மாத்திரை போட்டுட்டு வந்துருங்க” என்றாள்.

நேசபாய் நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது.

“எத்தனை மணிக்குக் காலை?”

“காலையிலம்மா.”

“மணி சொல்லு மக்கா. எனக்கு நாலரையும் காலைதான். ஆப்பரேசன் எத்தனை மணிக்கு, நான் எத்தனை மணிக்குத் திங்கணும், எந்த மாத்திரை, முழுசா பாதியா. சீட்டுல எழுது. நான் இஞ்சயே நிக்கேன்.”

வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதினாள். ஏழு மணி, இட்லி இரண்டு, பாதி மாத்திரை. பின்னால் நின்ற கிழவர் தன் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, “எனக்கும் மணி போட்டுத் தா பிள்ளே” என்று நீட்டினார்.

வலது கண் ஆப்பரேசன் சொன்ன தேதியில் நடந்து முடிந்தது. மார்ச் கடைசியில் புது லிஸ்ட் வந்தது. நேசபாய் பெயர் வெட்டில்தான் இருந்தது. ஆனால் முந்நூறு மரம் இல்லை, இருநூற்று எழுபது. சரிவின் அடியில் நின்ற முப்பது மரம் நாகம்மைக்குப் போனது. பொன்னுலிங்கம் வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், சண்டைக்குத் தயாராக.

“சரி” என்றாள் அவள். “இடத்த கண்ணு இன்னும் பாக்கி நிக்கி. அதை அடுத்த வருசம் இலை உதிரும்போ செய்யணும். அப்பம் அந்த முப்பதையும் திருப்பித் தரணும். இப்பமே சொல்லிட்டேன்.”

“சுகர் எறங்கணுமே யக்கா.”

“எட்டரைன்னு எழுதி வச்சிருக்கேன்.”

“ஏழு இல்லியா?”

“எட்டரை.”

முதல் வெட்டு நாள். மேட்டில் வானம் வெளுத்தபோது ஹெட்லைட்டை அணைத்தாள். வலது கண்ணுக்கு வெட்டின் கோடு நூல் மாதிரி துல்லியமாகத் தெரிந்தது. பட்டை நகத்தின் கனத்தில் சுருண்டு விழுந்தது. பால் கோட்டின் வழியே ஓடிச் சிரட்டைக்குள் சொட்டியது. பொன்னுலிங்கம் பின்னால் வந்து பெருவிரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார். விரல் எங்கும் நிற்கவில்லை. அடுத்த மரத்துக்குப் போனார். அதிலும் நிற்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பாறையின் பக்கத்தில் வந்தபோது எண்ணினாள். முப்பது மரம் போன பிறகு நடு மரம் நூற்று முப்பத்தைந்தாவது. பாறையை எட்டுவதற்கு முன்பே அது வந்துவிட்டது. அவள் அங்கே உட்காரவில்லை. இன்னும் பதினைந்து மரம் வெட்டிவிட்டு, பழைய பாறையிலேயே தூக்குப்பாத்திரத்தைத் திறந்தாள். பாதி மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டாள். மணி ஆறு நாற்பத்தைந்து.

கீழேயிருந்து நாகம்மையின் சத்தம் வந்தது.

நேசபாய் வாயில் இருந்த பயறை விழுங்கிவிட்டு, பதிலுக்கு மலை அதிரக் கூ என்றாள்.